ஒரே மணல், இரண்டு ரிப்போர்ட்: குமரிக் கடப்புறத்துத் தோரியம் எண்களை எப்படி ஒப்பிடுவது?

குமரி மாவட்டத்துக் கடற்கரை மணலில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் எவ்வளவு என்று தேடிப் போனால் ஆளுக்கொரு எண் கிடைக்கும். கிலோவுக்குச் சில நூறு பெக்கரல் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்) என்று ஓர் ஆய்வு சொல்லும், பல ஆயிரம் என்று இன்னொன்று சொல்லும். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டம் 2024-ல் பெரிய பேச்சானபோது, இந்த எண்கள் ஆய்விதழ்களை விட்டு டீக்கடைக்கும் கிராம சபைக்கும் வந்து சேர்ந்தன. ஒரு தரப்பு ஒரு லேபின் தாளை நீட்டும், எதிர்த் தரப்பு வேறொரு லேபின் தாளை நீட்டும். இரண்டும் ஒத்துப்போகாது. உடனே ‘அந்த லேப் விலைபோய்விட்டது’ என்ற பேச்சு கிளம்பிவிடும்.

எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. யாருடைய நேர்மையையும் இழுக்காமலே இரண்டு ஆய்வகங்களின் எண்கள் இரண்டு மடங்கு, ஐந்து மடங்கு விலகிப் போகலாம். அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க முடியும். பௌதிகத்தில் பட்டம் வாங்கியிருக்க வேண்டியதில்லை, என்ன கேட்பது என்று தெரிந்தால் போதும்.

முதலில் மணலைப் பார்ப்போம். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற தோரியக் கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்குக் கிடைத்த துப்பு. அந்தக் காலத்தில் கேஸ் விளக்கின் மேன்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது. நம் பக்கத்து மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு ஏறக்குறைய 9 சதவீதம். இதைக் கதிரியக்கக் கணக்காக மாற்றினால், ஒரே ஒரு கிராம் மோனசைட்டில் தோரியம்-232 மட்டும் 300 பெக்கரலுக்கு மேல். உலகத்தில் சராசரி மண் ஒரு கிலோ எடுத்தால் அதில் 30 முதல் 45 பெக்கரல்தான் இருக்கும். ஆக, ஒரு கிலோ வெள்ளை மணலில் ஒரு சிட்டிகை மோனசைட் கூடினாலோ குறைந்தாலோ ரிப்போர்ட்டின் தலையெழுத்தே மாறிவிடும்.

அந்தச் சிட்டிகை எங்கே விழும் என்பதை முடிவு செய்வது அலை. சின்னவிளை, பெரியவிளை, மண்டைக்காடு பக்கம் கடப்புறத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும்: மேலே கருப்பாக ஒரு பட்டை, அதை ஒரு சாண் தோண்டினால் வெளிறிய மணல், அதற்கும் கீழே மறுபடி கருப்பு வரி. அலை வந்து திரும்பும்போது இலேசான குவார்ட்ஸ் மணலை இழுத்துக்கொண்டு போகிறது. கனமான இல்மனைட்டும் கார்னெட்டும் சிர்க்கானும் மோனசைட்டும் கரையிலேயே தங்குகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் ஆனி, ஆடியில் இந்தச் சலிப்பு வேலை மும்முரமாக நடக்கும். ஆடியில் கருப்பாகக் கிடந்த இடம் தை மாதத்தில் வெளுத்துக் கிடக்கலாம். ஒரு குழு ஆடியில் மேல் 5 சென்டிமீட்டரைச் சுரண்டி எடுத்திருக்கும். இன்னொரு குழு தை மாதத்தில் 30 சென்டிமீட்டர் ஆழம்வரை குழாய் இறக்கி எடுத்துக் கலந்திருக்கும். ஊர்ப் பெயர் இரண்டு தாளிலும் ஒன்றுதான், மணல் வேறு. இந்த இரண்டு எண்களை வைத்து எந்த லேப் நல்ல லேப் என்று கேட்பதற்கு அர்த்தமே இல்லை. லேப்களை ஒப்பிட வேண்டுமானால் ஒரே சாம்பிளைப் பங்கு போட்டு இருவருக்கும் கொடுத்திருக்க வேண்டும்.

சரி, ஒரே பையிலிருந்து பங்கு போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு வம்பு இருக்கிறது. நம் மணலுக்கே உரிய வம்பு என்பதால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

தோரியத்தை அளக்க இரண்டு பொதுவான வழிகள் உண்டு. ஒன்று, 300 கிராம் அளவு மணலை டப்பாவில் அடைத்து, அதிலிருந்து வரும் காமா கதிர்களை ஜெர்மானியம் டிடெக்டரில் எண்ணுவது. மற்றது, அரை கிராமோ அதற்கும் குறைவாகவோ எடுத்து அமிலத்தில் கரைத்து, நிறமாலைமானியில் அணுக்களின் நிறையைப் பிரித்து அளப்பது. ஒரு மோனசைட் மணியின் குறுக்களவு 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன் எடை சுமார் 0.02 மில்லிகிராம் வரும், அதன் கதிரியக்கம் 0.007 பெக்கரலுக்குச் சற்றுக் குறைவு. கிலோவுக்கு 100 பெக்கரல் தோரியம் இருக்கும் மணலில் அரை கிராம் எடுத்தால் அதற்குள் இருக்கக்கூடிய மோனசைட் மணிகள் சராசரியாக ஏழு. வெறும் ஏழு! ஒரு கரண்டியில் 4 விழலாம், அடுத்த கரண்டியில் 10 விழலாம். இரண்டு பேரும் துளிப் பிழை இல்லாமல் அளந்தாலும் ஒருவருக்கு 60-க்குப் பக்கத்திலும் மற்றவருக்கு 140-க்குப் பக்கத்திலும் விடை வரும். அதே மணலில் 300 கிராம் எடுத்தால் 4,000-க்கு மேற்பட்ட மணிகள் இருக்கும், இந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

இதற்கு மருந்து எளிது: முழு சாம்பிளையும் மாவாக அரைத்துக் கலந்துவிட்டு அப்புறம் அரை கிராம் எடுப்பது. அரைத்தார்களா என்பது ரிப்போர்ட்டில் எழுதியிருக்க வேண்டும். பங்கு போடும் முறையும் அப்படித்தான். காய்ந்த மணலை ஒரு தாளில் கூம்பாகக் குவித்து, மேலிருந்து தட்டையாக்கி, நான்காகக் கீறி, எதிரெதிர்ப் பங்குகளைச் சேர்ப்பது பழைய, நம்பகமான முறை. பையைக் குலுக்கி மேலிருந்து ஒருவருக்கு, அடியிலிருந்து ஒருவருக்கு என்று கொட்டிக் கொடுத்தால் கனமான மணிகள் அடியில் இறங்கியிருக்கும். குலுக்குவதே பிரித்துவிடும்.

கரைப்பதிலும் ஒரு பொறி உண்டு. மோனசைட் சாதாரணமாகக் கரையாது. ராஜ திராவகத்தில்கூட அரைகுறையாகத்தான் கரையும், சூடான அடர் கந்தக அமிலம் போன்ற கடுமையான வழி வேண்டும். சிர்க்கான் இன்னும் பிடிவாதமானது, அதற்குள் யுரேனியம் இருக்கிறது. லித்தியம் போரேட்டோடு சேர்த்து உருக்கினால்தான் முழுசாகக் கைக்கு வரும். வயல் மண்ணுக்குப் பழகிய ஒரு லேப் வழக்கமான அமில முறையையே நம் மணலுக்கும் பயன்படுத்தினால், பீக்கரின் அடியில் தங்கிய கசடோடு தோரியமும் யுரேனியமும் வெளியே போய்விடும். எண் குறைவாக வரும், கருவி சொன்னது சரியாகவே இருக்கும்.

காமா முறைக்கு இந்தக் கரைக்கும் தொல்லை இல்லை. ஆனால் அதற்கென்று வேறு ஊகங்கள் உண்டு. தோரியம்-232 தானே வெளியிடும் காமா கதிர் மிகப் பலவீனமானது. அதனால் அது சிதைந்து அடுத்தடுத்து உருவாகும் அணுக்களை, அதாவது அதன் சந்ததிகளை எண்ணுகிறார்கள்: ஆக்டினியம்-228-க்கு 911 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் வரும் கோடு, ஈயம்-212-க்கு 239, தாலியம்-208-க்கு 583-ம் 2,614-ம். தாயும் பிள்ளைகளும் சமநிலையில் இருக்கிறார்கள், அதாவது ஒரே வேகத்தில் சிதைகிறார்கள் என்பது இதன் அடிப்படை. கடப்புறத்து மணலில் இது பொருந்தும். மணவாளக்குறிச்சி ஆலையில் மணலைக் காந்தத்தாலும் மின்புலத்தாலும் எடை வித்தியாசத்தாலும்தான் பிரிக்கிறார்கள், அதில் சங்கிலி அறுவதில்லை. வேதியியல் முறையில் மோனசைட்டை உடைத்த இடத்துக் கழிவு என்றால் கதையே வேறு. அங்கே ரேடியம் ஒரு பக்கமும் தோரியம் ஒரு பக்கமும் போயிருக்கும், ஆக்டினியத்தைப் பார்த்துத் தோரியத்தைச் சொல்ல முடியாது.

மணலில் உள்ள யுரேனியத்துக்கும் இதே போல் ஒரு சந்ததி வரிசை உண்டு, அதற்கு ஒரு கூடுதல் நிபந்தனை இருக்கிறது. நடுவில் வரும் ரேடான்-222 ஒரு வாயு, அரை ஆயுள் 3.82 நாள். டப்பாவைக் காற்றுப் புகாமல் அடைத்து நான்கு வாரம் வைத்தால் ரேடானும் அதன் பிள்ளைகளும் 99 சதவீதம் சமநிலைக்கு வந்துவிடும். அவசரத்தில் அடுத்த நாளே எண்ணினால் யுரேனியம் வரிசை குறைவாகத் தெரியும். ஆனாலும் நம் மணலில் இந்தப் பிழையைப் பெரிதாக்க வேண்டாம் என்பேன். மோனசைட்டும் சிர்க்கானும் ரேடானை இறுகப் பிடித்து வைத்திருப்பவை, சாதாரண மண் அளவுக்கு அது கசிவதில்லை.

எனக்கு இதைவிடக் கவலை தருவது கணக்குப் பிழைகள். தாலியம்-208-க்கு வருவது சங்கிலியின் ஒரு கிளை மட்டும். பிஸ்மத்-212 சிதையும்போது 36 சதவீதம்தான் அந்த வழியில் போகிறது. தாலியத்தின் எண்ணை அப்படியே தோரியத்தின் எண் என்று எழுதினால் உண்மையில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் தாளில் ஏறும். அடுத்தது, தாலியத்தின் 583-ம் 2,614-ம் ஏறக்குறைய ஒரே நொடியில் புறப்படும் கதிர்கள். சாம்பிள் டிடெக்டரை ஒட்டியே இருந்தால் இரண்டையும் அது ஒன்றாகப் பிடித்துக் கூட்டிவிடும், இரண்டு கோட்டிலும் எண்ணிக்கை குறையும். அதே வடிவ டப்பாவில் தோரியம் ஒப்பீட்டுப் பொருளை (அளவு முன்பே தெரிந்த பொருள்) வைத்துக் கருவியை அளவு திருத்தியவர்களுக்கு இந்த இழப்பு இரண்டு பக்கமும் சமமாகி அடிபட்டுப் போகும். சீசியம், கோபால்ட் போன்ற வேறு கதிர்மூலங்களை வைத்து கருவியின் திறனுக்கு வளைகோடு வரைந்தவர்கள் தனியாகத் திருத்த வேண்டும். திருத்தாவிட்டால் வேறுபாடு நிற்கும்.

அப்புறம் எடை. சாதாரண மணல் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒன்றரை கிராம் என்றால், கருமணல் இரண்டரையைத் தாண்டும். கனமான மணல் தன் கதிரைத் தானே விழுங்கும், ஆற்றல் குறைந்த கதிரை அதிகமாக விழுங்கும். இலேசான பொருளை வைத்து அளவு திருத்திய லேப் கருமணலை அளக்கும்போது 239-ல் வரும் விடை குறைவாகவும் 2,614-ல் வரும் விடை சரிக்குப் பக்கத்திலும் இருக்கும். ஒரு வாசகர் ரிப்போர்ட்டைப் பார்த்தே போடக்கூடிய சோதனை இங்கே கிடைக்கிறது: 239, 583, 911, 2,614 என ஒவ்வொரு கோட்டிலிருந்தும் தோரியம் எவ்வளவு வந்தது என்று தனித்தனியாகக் கேளுங்கள். நான்கும் ஒத்துப்போனால் அந்த லேப் தன் வேலையைத் தானே சரிபார்த்திருக்கிறது. ஆற்றல் ஏற ஏற விடையும் ஏறிக்கொண்டே போனால் எடைத் திருத்தம் செய்யவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பொட்டாசியம்-40 பற்றி ஒரு சொல். அதன் கோடு 1,460.8-ல் இருக்கிறது. ஆக்டினியத்தின் ஒரு சிறு கோடு 1,459.1-ல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நல்ல ஜெர்மானியம் டிடெக்டருக்கே இரண்டையும் பிரிப்பது கஷ்டம், சோடியம் அயோடைடு டிடெக்டருக்கு வாய்ப்பே இல்லை. கிலோவுக்கு 1,000 பெக்கரல் தோரியம் உள்ள மணல் ஏறக்குறைய 80 பெக்கரல் போலிப் பொட்டாசியத்தைக் காட்டும். ஆனால் பாதிப்பு என்று பார்த்தால் இது சின்னது. ரேடியம், தோரியம், பொட்டாசியம் மூன்றையும் ஒரே எண்ணாக்க, கட்டுமானப் பொருட்களுக்குப் பயன்படுத்தும் ரேடியம் சமானக் கணக்கில் பொட்டாசியத்தை 0.077-ஆல்தான் பெருக்குகிறார்கள், அதாவது 80 வெறும் 6 ஆகிறது. தோரியத்தையோ 1.43-ஆல் பெருக்குகிறார்கள். சண்டை போட வேண்டிய இடம் தோரியம்தான். அந்தக் கணக்கின் கிலோவுக்கு 370 பெக்கரல் என்ற வரம்பு வீடு கட்டும் பொருளுக்கு உரியது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கடற்கரையில் கிடக்கும் மணலுக்கு அதை ஆபத்து எல்லையாக நீட்டும் ரிப்போர்ட்டுகளைப் பார்க்கிறேன், அது பொருந்தாத ஒப்பீடு.

இனி ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் வரும் ± குறி. இதை விட்டுவிட்டுப் படிப்பவர்கள் பாதி ரிப்போர்ட்டைத்தான் படிக்கிறார்கள். ஒரு கற்பனைக் கணக்கு: ஒரே சாம்பிளுக்கு முதல் லேப் 412 ± 25 என்கிறது, இரண்டாவது 468 ± 30 என்கிறது. வித்தியாசம் 56. இரண்டு ± எண்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 39. வித்தியாசத்தை இதால் வகுத்தால் 1.4 சொச்சம். இந்த ± என்பது ஒரு திட்ட விலக்கம் என்றால், விகிதம் 2-க்குள் இருப்பதால் இரண்டு லேபும் ஒத்துப்போகின்றன, முரண்பாடே இல்லை. அதே ± எண்கள் 95 சதவீத நம்பிக்கைக்காக இரண்டு மடங்காக்கி எழுதப்பட்டவை என்றால், அங்கே விகிதம் 1-ஐத் தாண்டக் கூடாது, தாண்டிவிட்டது. யாரோ ஒருவர் தவறியிருக்கிறார். எண்கள் மாறவில்லை, தீர்ப்பு தலைகீழாகிவிட்டது! ஆகவே ± எந்த வகை என்று தாளில் எழுதியிருக்க வேண்டும். சில லேப்கள் எண்ணிக்கையின் புள்ளியியல் பிழையை மட்டும் போட்டுவிட்டு, எடை, அளவுதிருத்தம், சாம்பிள் பிரிப்பு ஆகியவற்றின் பங்கை விட்டுவிடுகின்றன. 1 சதவீதம், 2 சதவீதம் என்று அழகான சின்ன ± பார்த்தால் எனக்கு நம்பிக்கை குறைகிறது. நம் மணலில் அத்தனை துல்லியம் சுலபமாக வராது.

லேப்களை ஒன்றோடொன்று மோதிப் பார்க்கும் பழக்கம் கதிரியக்கத் துறைக்குப் புதிதல்ல. மேரி கியூரி 1911-ல் பாரிசில் 21.99 மில்லிகிராம் ரேடியம் குளோரைடைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து ஒரு தரநிலை செய்தார். வியன்னாவில் ஓட்டோ ஹோனிக்ஷ்மிட் தனியாக வேறு குழாய்கள் தயாரித்தார். 1912 மார்ச்சில் பாரிசில் இரண்டையும் காமா கதிரால் ஒப்பிட்டார்கள், ஒத்துப்போயின. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பாராமல் செய்தது என்பதால்தான் அந்த ஒற்றுமைக்கு மதிப்பு.

இன்று இந்த வேலையைச் சர்வதேச அணுசக்தி முகமை பெரிய அளவில் செய்கிறது. விடை தெரிந்த சாம்பிள்களை, விடையைச் சொல்லாமல் பல நாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பி, வரும் எண்களுக்கு மதிப்பெண் போடுகிறது. இத்தகைய திறன் சோதனைகளில் பரவலாகப் பயன்படும் இசட் மதிப்பெண் (சரியான விடையிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி என்பது) 2-க்குள் இருந்தால் திருப்தி, 3-க்கு மேல் போனால் தோல்வி, நடுவில் இருந்தால் எச்சரிக்கை. அதே முகமை தரும் தோரியம் ஒப்பீட்டுப் பொருளில் கிலோவுக்கு 3,250 பெக்கரல், யுரேனியம் பொருளில் 4,940 பெக்கரல் என்று சான்றளித்திருக்கிறார்கள். சந்தையில் முத்திரை போட்ட எடைக்கல் எதற்கோ அதற்குத்தான் இவையும். நம் நாட்டில் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உண்டா என்று கேட்பது நல்லது. அதோடு நிறுத்தக் கூடாது. அங்கீகாரம் எந்தெந்தப் பரிசோதனைக்கு என்ற பட்டியலில் மணலில் காமா அளவீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குடிநீருக்கு வாங்கிய அங்கீகாரம் கருமணலுக்குச் செல்லாது.

ஆனால் இங்கேயும் ஓர் இடைவெளி இருக்கிறது, நான் இந்தக் கட்டுரை எழுதுவதே அதற்காகத்தான். அந்தத் தோரியம் ஒப்பீட்டுப் பொருள் என்பது தாதுவை நுண்ணிய சிலிக்கா மாவில் கலந்து நீர்த்தது, இலேசானது, வெளிறியது. அதை வைத்து அளவு திருத்தி, அதே மாதிரிப் பொருளில் சோதனை எழுதித் தேறிய ஒரு லேப், நம் கனத்த, மணிமணியான கருமணலில் தேறும் என்று சொல்ல முடியாது. கரைப்பது, அரைப்பது, கதிரை விழுங்குவது என்று மேலே சொன்ன சிக்கல்களில் எதுவும் அந்த மாவில் வராது. குமரிக் கடப்புறத்து மணலிலேயே ஓர் ஒப்பீட்டுப் பொருள் செய்தாக வேண்டும். கடியப்பட்டணத்திலோ மிடாலத்திலோ மூட்டைக் கணக்கில் எடுத்து, காயவைத்து, அரைத்து, கலந்து, நூற்றுக்கணக்கான புட்டிகளில் அடைத்து, புட்டிக்குப் புட்டி வித்தியாசம் இல்லை என்று முதலில் சோதித்து, பிறகு பல லேபுக்கு அனுப்ப வேண்டும். அதோடு அரைக்காத மணலில் ஒரு தொகுதியும் போக வேண்டும், அரைப்பதும் பிரிப்பதும் எப்படி நடக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

அனுப்பிய லேப்களின் விடைகளில் நடு எண்ணை எடுத்து அதுவே சரியான விடை என்று வைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. எல்லாரும் அதே இலேசான மாவில் அளவு திருத்தியிருந்தால் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பார்கள். பத்துப் பேர் ஒத்துப்போவார்கள், பத்துப் பேரும் தவறியிருப்பார்கள். அதனால் சான்று எண்ணை ஒரே முறையில் தீர்மானிக்கக் கூடாது. காமா எண்ணிக்கையும், உருக்கிக் கரைத்து அளந்த அணு நிறை முறையும், முடிந்தால் அணு உலையில் நியூட்ரான் பாய்ச்சி அளக்கும் முறையும் தனித்தனியே சொல்லி ஒத்துப்போக வேண்டும். வழிகள் வேறாக இருந்தால் பிழைகளும் வேறாக இருக்கும், அவை ஒரே பக்கம் சாய வாய்ப்புக் குறைவு.

அதுவரை ஊராட்சியோ மீனவர் சங்கமோ செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடப்புறத்தில் சாம்பிள் எடுக்கும்போது இரண்டு தரப்பும் நிற்கட்டும். இடம், ஆழம், தேதியை எழுதி, அங்கேயே காயவைத்துக் கூம்பாக்கி மூன்றாகப் பங்கு போடட்டும். ஒரு பங்கு ஒரு லேபுக்கு, மற்றது இன்னொரு லேபுக்கு, எந்த ஊர் மணல் என்று சொல்லாமல், வெறும் குறியீட்டோடு. அந்தப் பொட்டலங்களுக்கு நடுவே அதே மணலை வேறு குறியீட்டில் இரண்டாவது முறையும் சொருகலாம். தன் விடையோடு தானே ஒத்துப்போகாத லேப் அதில் தெரிந்துவிடும். மூன்றாவது பங்கை இருவர் கையெழுத்தோடு அரக்கு முத்திரையிட்டு ஊராட்சி அலுவலக அலமாரியில் வைக்கலாம். இரண்டு ரிப்போர்ட்டும் மோதினால் அதைப் பிரித்து மூன்றாவது லேபுக்கு அனுப்பலாம். தோரியம்-232-இன் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு. வழக்கு பத்து வருடம் இழுத்தாலும் அந்தப் பொட்டலத்துக்குள் இருக்கும் தோரியத்தின் அளவு மாறாது.